வலி எங்கே போயிற்று?

வேலூரில் வெகுகாலம் வாழ்ந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்டுக்கு ஒரு விசித்திர அபிப்பிராயம் உண்டு: வலி ஒரு வரப்பிரசாதம்! தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாமல் காயம்பட்டே தேய்கிறது என்று கண்டவர் அவர். தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாதாம். அதற்கு அவர் சொன்ன வைத்தியம், பூனை வளர்ப்பது!

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். ஊருக்குச் சோறு போடும் தொழில்தான். ஆனால் கழிவு போவது பாலாற்றுக்கு. உப்புக் கரிப்பது உழவன் கிணற்றில். தோல் பதனிடுபவருக்குச் சுருக்கென்று தைப்பதில்லை. கெடுத்தவரே பணம் கட்டவேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, வலியை உரியவரிடம் சேர்க்கத்தான். சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. 2025 ஜனவரியில் அதே கோர்ட், அதே பாலாறு, மறுபடியும் நஷ்டஈட்டு உத்தரவு!