அழற்சி என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?

டாக்டர்களே, நீங்கள் எழுதிய சீட்டை நீங்களே படிக்க மாட்டீர்களா?

பல வருடமாக எனக்கு அடிவயிற்று வலி. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். பைக்கில் உட்கார்ந்தால் இடுக்கில் தீயாய்க் காந்தும். ‘நாள்பட்ட புரோஸ்டேட் அழற்சி’ என்று எழுதி, ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தது நீங்கள்தான். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கிருமியே இருப்பதில்லை. சிறுநீரைக் கல்ச்சருக்கு ஒருமுறையாவது அனுப்பினீர்களா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில், ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரோஸ்டேட் புரதம் 4-ஐத் தாண்டியதும் அந்த அழற்சி எங்கே போயிற்று? நல்ல புரோஸ்டேட்டும் பி.எஸ்.ஏ.வைச் சுரக்கத்தான் செய்கிறது. வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் அது ஏறும்; அழற்சியிலும் ஏறும்; புற்றிலும் ஏறும். எதனால் ஏறியது என்று அந்த எண் சொல்லாது. பி.எஸ்.ஏ.வைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லினே, இதை வைத்து ஊரிலுள்ள ஆண்களையெல்லாம் சலிக்காதீர்கள் என்று 2010-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். இதில் ஒரு வரியாவது என் காதில் போட்டீர்களா?

“கேன்சரா இருக்கலாம், பயாப்ஸி பண்ணிடுவோம்.” அவ்வளவுதான். சில வாரம் விட்டு மறுபடி பார்ப்போம் என்ற பேச்சு இல்லை. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் நாலில் ஒருவருக்குப் பயாப்ஸியே தேவைப்படாமல் போகலாம் என்று 2017-லேயே பிரிட்டன் ஆய்வு சொல்லிவிட்டதே!

ஆசனவாய் வழியாக ஊசி. ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று ஒரு சத்தம், உடம்பு தூக்கிப் போடும். 12 துண்டு எடுத்தீர்கள். பிறகு சிறுநீரில் ரத்தம், பல் கிட்டிக்கொள்ளும் குளிர்ஜுரம். ரிப்போர்ட் வரும்வரை என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. நான் இன்ஷூரன்ஸ் பத்திரங்களைத் தேடி எடுத்து மகனிடம் கொடுத்தேன். வந்த ரிப்போர்ட்: ‘நாள்பட்ட அழற்சி. புற்று இல்லை.’ “அப்புறமென்ன, சந்தோஷமா போங்க” என்றீர்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைத் தெரிந்துகொள்ளவா இத்தனை ரத்தம்?

பயாப்ஸியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழற்சிதானே என்று மாத்திரையிலேயே காலம் கடத்தி, புற்று எலும்புக்கு ஏறிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே சுரப்பியில் இரண்டும் இருக்கலாம். அழற்சி புற்றைத் தூண்டுமா என்ற விவாதமே இன்னும் முடியவில்லை. எனக்குக் காட்டிய அவசரமும் அவர்களுக்குக் காட்டிய அலட்சியமும் ஒரே குற்றம்தான்: நோயாளியிடம் உட்கார்ந்து பேசாத குற்றம்.

ஐம்பதைத் தாண்டிய அண்ணன்மார்களே, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பி.எஸ்.ஏ. ஏறினால் கேளுங்கள்: கிருமி இருக்கிறதா? எப்போது மறுபடி பார்ப்பது? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? பதில் சொல்லாத டாக்டரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.