வழிகாட்டியும் கைடு கதையும்

சுற்றுலாத் தலங்களில் வழிகாட்டியாக இருப்பவரைப் பற்றி நம்மிடையே ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அவர் கதை விடுகிறவர். கடைக்காரரிடம் கமிஷன் வாங்குகிறவர். வேறு வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவர். இலக்கியமும் இந்த எண்ணத்துக்குத் துணைபோயிருக்கிறது. ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதி 1958இல் வெளிவந்த 'தி கைடு' நாவலின் ராஜு, தன் மனநிலைக்கேற்ப இடங்களின் வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்பவன். பின்னர் சிறைக்கும் செல்பவன். ராஜுவை ரசித்த நாம், எதிர்ப்படும் வழிகாட்டிகளை எல்லாம் ராஜுவாகவே பார்க்கப் பழகிவிட்டோம்.

கதை விடுவோர் இல்லாமலில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. நிழல் விழத்தான் செய்கிறது. வெயில் சாய்ந்த பொழுதில் பிராகாரத்தில் நின்றால் எவரும் காணலாம். ஆனால் இக்கதையை வழிகாட்டி மட்டுமா பரப்பினார்? மேடைகளில் நாமும் பெருமையோடு சொல்லி வளர்த்ததுதானே அது? நாம் சொன்னால் பெருமிதம், அவர் சொன்னால் புரட்டு என்பது நியாயமாகாது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்போரும் பகீரதன் தவம் என்போரும் ஆய்வாளர்களிலேயே உண்டு. அறிஞர்கள் மாறுபட்டால் அது ஆய்வு. அதே பாறையின் முன்நின்று இரு கருத்துகளையும் சொல்லி, முன்னங்கால்களை உயர்த்தித் தவமிருக்கும் பூனையையும் அதனருகே எலிகளையும் சுட்டிக்காட்டுபவரின் பேச்சு மட்டும் 'கைடு கதை' ஆகிவிடுகிறது.

இவர்களில் பெரும்பாலோருக்கு மாத ஊதியம் கிடையாது. ஆள் வந்தால்தான் வருமானம். 2020 மார்ச்சில் கொரோனாவால் சுற்றுலா விசாக்கள் நிறுத்தப்பட்டபோது அதுவும் நின்றது. 2021 ஜூனில் மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கடனுதவி அறிவித்தது. அதுவும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்தான். வெயிலில் நின்று பேசியவரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, அவர் வாங்கும் கமிஷனை மட்டும் நாம் பழிக்கிறோம்.

கல்வெட்டுகளைப் பற்றியும் சிற்பங்களைப் பற்றியும் தமிழில் நல்ல நூல்கள் பல உள்ளன. அவற்றின் சாரத்தை எளிய கையேடுகளாக்கி வழிகாட்டிகளிடம் சேர்ப்பது, வாசகர்களாகிய நம்மால் ஆகாத காரியமல்ல. பேசிய கட்டணத்தைக் குறைக்காமல் கொடுப்பதும் அப்படியே. இவ்விரண்டையும் செய்த பிறகு அவருடைய பிழைகளை எண்ணத் தொடங்கலாம்.