பெட்ரோல் பீதியும் சைக்கிள்காரர்களும்

இங்கிலாந்து தேசத்தார் நீராவி யந்திரத்தையும் ரயிலையும் உலகுக்குக் கொடுத்தவர்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊரே அங்கு இல்லையென்று சொல்லலாம். அப்படிப்பட்ட தேசத்தில், பெட்ரோல் கிடைக்காமல் போய்விடும் என்கின்ற ஒரு பேச்சு கிளம்பின உடனே ஜனங்கள் மோட்டார் வண்டிகளை வரிசை வரிசையாகக் கொண்டுபோய் பெட்ரோல் பங்குகளின் முன் நிறுத்தி, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு அலைந்தார்கள் என்றால், படிப்பு வேறு பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டியதில்லை. இது ஒரு தடவை நடந்த சங்கதியும் அல்ல. 2012-லும் நடந்தது, 2021-லும் நடந்தது. இனியும் நடக்கும். அந்தக் கூட்டத்தின் ஓரமாக அமைதியாய்ப் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர்களைப் பற்றியே இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது.

முதலில் 2012-ல் நடந்ததைக் கவனிப்போம். டேங்கர் லாரி ஓட்டும் தொழிலாளர்கள், தங்கள் பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் ஒரே மாதிரியான விதிகள் வேண்டும் என்று கேட்டு, வேலைநிறுத்தத்திற்குச் சம்மதம் என்று மார்ச்சு 26-ந் தேதி ஓட்டு மூலம் தெரிவித்தார்கள். வேலைநிறுத்தம் செய்வதானால் 7 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அறிவிப்போ கொடுக்கப்படவில்லை, தேதியோ குறிக்கப்படவில்லை. அதாவது, குறைந்தது ஒரு வாரத்திற்கு ஒரு சொட்டுப் பெட்ரோலும் குறையப் போவதில்லை என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் நடந்ததென்ன? பிரான்சிஸ் மாட் என்கின்ற மந்திரியார், வீட்டுக் கொட்டகையில் ஒரு தகர டின்னில் கொஞ்சம் பெட்ரோல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று உபதேசம் செய்தார். அவர் சொன்ன மாதிரியான டின்னில் சாதாரணமாக 20 லிட்டர் பிடிக்கும். அப்போதைய சட்டப்படி வீட்டில் ஒரு டின்னில் 10 லிட்டருக்கு மேல் வைக்கக் கூடாது. மந்திரிக்கே சட்டம் தெரியவில்லை! தீயணைக்கும் தொழிலாளர் சங்கத்தார் இது ஆபத்து என்று கூவினார்கள். சில நாளைக்குள் யார்க் நகரத்தில் ஒரு பெண்மணி அடுக்களையில் பெட்ரோலை ஊற்றி மாற்றும்போது அடுப்பு நெருப்புப் பற்றி உடல் கருகினார். வேலைநிறுத்தமோ கடைசிவரையில் நடக்கவேயில்லை!

வேலைநிறுத்தம் இல்லாமலே பங்குகள் எப்படி வறண்டன? இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை, கணக்குத்தான். ஓர் ஊரில் 1,000 கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 40 லிட்டர் பிடிக்கும். அது 10 நாளைக்கு வரும் என்போம். ஆகவே ஒரு நாளைக்கு 100 கார்கள் வரும். 4,000 லிட்டர் விற்கும். பங்க்காரனும் அந்தக் கணக்குப்படிதான் சரக்கு வரவழைப்பான். திடீரென்று ஒரு நாள் 1,000 கார்களும் பாதி டாங்கி காலியாக ஒன்றாக வந்து நின்றால் 20,000 லிட்டர் வேண்டும். ஐந்து நாள் சரக்கு ஒரே நாளில் தீர்ந்தது! மறுநாள் வருகின்றவன் பலகையைப் பார்த்து, “பேச்சு உண்மைதான்” என்கின்றான். பஞ்சம் வருமென்று பயந்தார்கள். பயந்ததாலேயே பஞ்சம் வந்தது.

2021-ம் வருஷம் செப்டம்பர் மாதத்திலும் இதே கதைதான். அப்போது குறைவாயிருந்தது பெட்ரோல் அல்ல, லாரி ஓட்ட ஆள்கள். சுத்திகரிப்பு ஆலைகளில் வேண்டிய மட்டும் எண்ணெய் இருந்தது. சில பங்குகளுக்கு லோடு போய்ச் சேரவில்லை என்று பத்திரிகையில் வந்ததும், ஊரெல்லாம் பங்குக்கு ஓடிற்று. அக்டோபர் 4-ந் தேதி முதல் பட்டாளத்துக்காரர்களைக் கொண்டு லாரி ஓட்ட வேண்டியதாயிற்று.

இதைப் படிக்கின்ற தோழர்களுக்கு 1995-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி ஞாபகத்துக்கு வந்தால் அது தப்பல்ல. பிள்ளையார் பால் குடிக்கின்றார் என்று டில்லியில் கிளம்பின புரளி அன்றைக்கே இலண்டன் கோயில்கள் வரைக்கும் போயிற்று. கல்லின் ஈரமும் பாலின் பரப்பு இழுவிசையும் செய்த வேலை அது என்று விஞ்ஞானிகள் சாயம் கலந்து காட்டுவதற்குள், கரண்டியும் செம்புமாய்க் கூட்டம் நின்றுவிட்டது. குழந்தைக்கு வேண்டிய பால் கல்லின் மேல் வழிந்து சாக்கடையில் ஓடியது. அந்த வரிசைக்கும் இந்த வரிசைக்கும் என்ன வித்தியாசம்? அங்கே பக்தி, இங்கே பீதி. இரண்டிலும் “எல்லோரும் ஓடுகின்றார்கள், நானும் ஓடுகின்றேன்” என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பீதியைக் கிளப்ப அங்கே ஒரு பூசாரி. இங்கே ஒரு மந்திரி.

நிற்க. இந்த அமளியில் சைக்கிள்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர்களில் ஒரு சாரார் சிரித்தார்கள். எண்ணெய் கேட்காத வண்டி, ஒரு கவளம் சோறும் ஒரு காற்றுப் பம்பும் இருந்தால் ஓடும் வண்டி தங்களிடம் இருக்க, யாருக்குப் பயப்பட வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார், பங்கின் வாசலில் வரிசை ரோட்டை அடைத்துக்கொண்டதையும், கோபத்திலிருக்கும் கார்க்காரர்கள் குறுக்கே திருப்பித் தங்கள் உயிருக்கு உலை வைப்பதையும் சொல்லி வருந்தினார்கள். மற்றும் சிலர், பெட்ரோல் அடியோடு தீர்ந்தால்தான் நல்லது, ரோடும் காற்றும் சுத்தமாகும் என்றார்கள்.

முதல் சாராரின் சிரிப்பில் நியாயமிருக்கின்றது. பிறர் தயவில் எவ்வளவுக்கெவ்வளவு குறைவாக ஒருவன் வாழ்கின்றானோ அவ்வளவுக்கவ்வளவு அவனைப் பயமுறுத்துவது கஷ்டம். சுயமரியாதை என்று நாம் சொல்லுவதற்கும் இதுதான் அடிப்படை. ஆனால் மூன்றாவது சாராரின் பேச்சை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பெட்ரோல் தீர்ந்தால் கார்க்காரச் சீமான் மட்டுமா தவிப்பான்? 2021-ல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நர்சுகளும், வீடு வீடாய்ப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் கூலிக்காரப் பெண்களும் வரிசையில் சிக்கித் தவித்தார்கள். சைக்கிள்காரர் தின்னும் ரொட்டியும், அவர் சக்கரத்துக்கு வேண்டிய டயரும் ட்யூபும் லாரியில்தானே வருகின்றன? “நான் சுத்தம், நீ அசுத்தம், நீ கெட்டால் எனக்கென்ன” என்று ஒருவர் நினைத்தால் அவர் ஏறியிருப்பது சைக்கிளாயிருந்தாலும் அவர் பேசுவது வருணாச்சிரமந்தான். பூணூலுக்குப் பதில் சங்கிலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் நாட்டில் இந்த வண்டிக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. தாழ்த்தப்பட்ட தோழர் மேல்சாதியார் தெருவுக்குள் சைக்கிளில் ஏறிப்போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற அக்கிரமம் எத்தனையோ கிராமங்களில் இருந்தது; இன்னும் வேரோடு ஒழிந்துவிடவில்லை. 1990-களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டபோது, பெண் காலைத் தூக்கி வண்டியில் ஏறலாமா என்று கேலி செய்தவர்கள் அனேகர். அவர்கள் ஏறினார்கள், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, அண்ணன் தம்பியையும் பஸ்ஸையும் எதிர்பாராமல் சந்தைக்குப் போனார்கள். ஆகையால், சைக்கிள் என்றால் பிறரைவிட உயர்ந்து நிற்பதற்கான ஆசனம் என்பதல்ல, பிறரைக் கும்பிடாமல் போவதற்கான சாதனம் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கலாம். அதற்கும் உதாரணம் இருக்கின்றது. அதே இங்கிலாந்தில் 1939-ம் வருஷம் யுத்தம் தொடங்கிய மாதத்திலேயே பெட்ரோலுக்குச் சீட்டு முறை வைத்தார்கள். இன்னாருக்கு இவ்வளவு என்று அளவு குறித்துப் பங்கிட்டார்கள். 1950-ம் வருஷம் மே மாதம் வரையில் அது நடந்தது. பங்கீடு இருந்தால், பக்கத்து வீட்டுக்காரன் நமக்கு முன்னால் அள்ளிக்கொண்டு போய்விடுவானே என்கின்ற பயத்துக்கு இடமில்லை. 1973-ல் அரபு தேசத்தார் எண்ணெயை நிறுத்தியபோது ஹாலந்து தேசத்தார் என்ன செய்தார்கள்? நவம்பர் 4-ந் தேதி முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருமே காரை நிறுத்தும்படி உத்தரவு போட்டார்கள். பெரிய மோட்டார் ரோடுகளில் ஜனங்கள் குடும்பத்தோடு சைக்கிளில் போனார்கள். அத்தோடு விடவில்லை. ரோட்டில் காரடியில் பிள்ளைகள் சாவதை நிறுத்த வேண்டும் என்று அக்காலத்திலேயே தாய் தந்தையர் கிளர்ச்சி செய்தார்கள். நாளாவட்டத்தில் சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் போடப்பட்டன. இன்று அங்கே நான்கு பிரயாணங்களில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நடக்கின்றது. இங்கிலாந்திலோ நூற்றுக்கு இரண்டுதான். ஒரு தேசம் கஷ்டத்திலிருந்து பாடம் படித்தது. மற்றொன்று கஷ்டம் தீர்ந்ததும் மறந்துவிட்டது.

ஆகவே சைக்கிள்காரத் தோழர்கள் வரிசையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது போதாது என்பதே நமது அபிப்பிராயம். வரிசையில் நிற்பவனிடம் கணக்கைச் சொல்ல வேண்டும். பயமில்லாமல் சைக்கிள் விட ரோட்டில் இடம் கேட்க வேண்டும். லாரி ஓட்டும் தொழிலாளியின் நியாயமான கோரிக்கையை, “இவனால்தான் பஞ்சம்” என்று தூற்றுகின்ற மந்திரிகளையும் முதலாளிகளையும் கண்டிக்க வேண்டும்.

நமது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு உங்கள் ஊரில் உப்பு இல்லை, அரிசி இல்லை, பெட்ரோல் இல்லை என்று ஒருவன் ஓடி வந்தால், பையைத் தூக்குவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொன்னவன் யார்? அவனுக்கு எப்படித் தெரியும்? நாம் எல்லோரும் ஓடினால் லாபம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்கிற வரையில் வீட்டில் இருங்கள். அவசரமாய் வெளியில் போக வேண்டியிருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்கள். அது எந்த வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை.