ஞாயிறு ஆட்டம் குற்றமா?

ஹாங்காங்கின் சேட்டர் சாலையில் ஞாயிறுதோறும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண்கள் குழுக்குழுவாக நடனம் பயில்கின்றனர். "இவர்களுக்கு எதற்கு இந்த ஆட்டம்?" என முகஞ்சுளிப்போர் உளர். வேறெங்கே அவர்கள் கூடுவது? முதலாளியின் இல்லத்திலேயே தங்கவேண்டும் என்பது 2003 முதல் அங்கே கட்டாயம். பலருக்குத் தனியறையும் இல்லை. சட்டம் தரும் ஓய்வோ வாரத்தில் ஒரே நாள்.

தவறிய அடியைத் தோழி திருத்துகிறாள். புதிதாய் வந்தவளுக்குத் தாய்மொழி பேசத் துணை கிடைக்கிறது. ஆறு நாள் பிறர் ஏவலுக்கு அசைந்த உடல், ஏழாம் நாள் தன் விருப்பத்துக்கு அசைகிறது. இதுவா ஒழுக்கக்கேடு?

பேழைமுன் ஆடிய தாவீதைச் சன்னல்வழியே கண்டு இகழ்ந்தவள் மீக்கால். அந்தச் சன்னலைவிட்டு நாம் விலகுவோம். பணிப்பெண்ணுக்கும் ஓய்வுநாள் உரியது என்கிறது இணைச்சட்ட நூல். இறைவன் அளித்த நாளுக்குக் கணக்குக் கேட்க நாம் யார்?