அறிவியல் மலர்: கடலடியில் ஒரு விளக்கு

கடலுள் மூழ்கிப் படமெடுப்போர், செந்நிற மீன் சாம்பல் நிறமாய்ப் பதிந்திருத்தல் கண்டு திகைப்பர். பழுது காமிராவில் இல்லை. நீர், கதிரவன் ஒளியிலுள்ள சிவப்பை முதலில் விழுங்கிவிடும். சில பாக ஆழத்திலேயே அது மறையும். ஆதலின் ஒளியை நாமே உடன்கொண்டு செல்லல் வேண்டும்.

இதற்கு முன்னோர் பட்ட பாடு சிறிதன்று. பிரான்சு நாட்டு லூயி பூத்தான் 1893இல் மக்னீசியத்தை எரித்துக் கடலடியில் ஒளி பெற முயன்றார். 1926இல் புளோரிடாக் கடலில் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர், தெப்பத்தின்மீது மக்னீசியத் தூளைக் கொளுத்தி, நீருக்குள் முதல் வண்ணப் படங்களை எடுத்தனர். மேலே வெடிக்கும் தூள், கீழே மனிதர்! அத்துணிவை என்னென்பது!

இன்று அவ்விடர் இல்லை; மின்கலத்தால் இயங்கும் பிளாஷ் விளக்கு உண்டு. எனினும் அதனைக் காமிராவின் வில்லையை ஒட்டிப் பொருத்தினால், நீரில் மிதக்கும் துகள்களெல்லாம் ஒளிர்ந்து, படம் முழுதும் பனி பெய்ததுபோல் ஆகிவிடும். நீண்ட தாங்கிகளில் இருபுறமும் விலக்கி வைத்தலே முறை. விடுமுறையில் அந்தமானுக்குக் காமிராவுடன் புறப்படும் நம் இளைஞர், மீனை இரண்டு முழத்துக்குள் அணுகிய பின்னரே விளக்கை இயக்குதல் நன்று. தொலைவு மிகுந்தால், விளக்கின் ஒளியும் சென்று மீளும் வழியிலேயே தன் சிவப்பை இழந்துவிடும்.