சாரத்துக்கு அந்த வேலை தெரியாது
பெருமூளைப் புறணியில் முதலில் பிறக்கும் நியூரான்களில் பெரும்பாலானவை பின்னர் மடிகின்றன. ஆகவே அவை, 1990-இல் குடமுழுக்குக் கண்ட தென்காசிக் கோபுரத்தைச் சுற்றிக் கட்டி அவிழ்த்த சவுக்குச் சாரம் போன்றவைதாம் என்ற வாதம் நிற்காது. எந்தக் கல் எங்கே அமர வேண்டும் என்று சாரம் சொல்வதில்லை, இவை சொல்கின்றன. இவற்றுள் மேற்பரப்பில் உள்ள கஹால்-ரெட்சியஸ் செல்கள் ரீலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது இல்லாத எலியில் அடுக்குகள் ஏறத்தாழத் தலைகீழாகின்றன. மனிதக் குழந்தையின் மூளையில் மடிப்புகள் குன்றுகின்றன.

புறணியின் அடியில், அதே முதல் நியூரான்களால் ஆன துணைத்தட்டின் பணி இன்னும் பெரிது. புலன் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸிலிருந்து வரும் இழைகள் அங்கே காத்திருந்து, அதன் நியூரான்களோடு இணைந்து, பிறகே நான்காம் அடுக்கில் நுழைகின்றன. அதே 1990-இல் நரம்பியலாளர் கார்லா ஷாட்ஸின் குழு பூனைக் கருவில் அந்த நியூரான்களை அழித்தது. பார்வை இழைகள் தம் இடத்தைத் தாண்டிப் போய்விட்டன. அந்த நியூரான்கள் அத்தனையும் மடிவதுமில்லை: சில வெண்பொருளில் ஆயுள் முழுதும் வாழ்கின்றன.