குடலுக்குள் ஒரு குடித்தனம்

சர்க்கரை நோய் என்றதும், "இனிப்பை நிறுத்து" என்று ஊரே அறிவுரை கூறுகிறது. அது தவறன்று, ஆனால் பாதி அறிவுரையே. நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றுக்கு நாம் என்ன படியளக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தே அவற்றின் உணவு. அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. இவ்வமிலங்கள் குடற்சுவரைக் காக்கின்றன. இன்சுலின் செவ்வனே வேலை செய்யவும் துணை நிற்கின்றன. 2012-இல் சீன விஞ்ஞானிகள் 345 பேரை ஆராய்ந்தபோது, நீரிழிவுடையோர் குடலில் பியூட்டிரேட் தரும் உயிர்கள் குறைந்திருக்கக் கண்டனர்.

இதே குடித்தனக்காரர்கள் கேடும் செய்வதுண்டு. இறைச்சியிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் உள்ள சில சத்துக்களை அவை ஒருவகை வாயுவாக மாற்ற, கல்லீரல் அதனை டி.எம்.ஏ.ஓ. என்னும் பொருளாக்குகிறது. இரத்தத்தில் இது மிகுந்தோருக்கு மாரடைப்பும் மிகுதி என்பதை அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனையின் ஸ்டான்லி ஹேசன் குழுவினர் 2013-இல் எடுத்துக்காட்டினர். (அதற்காக முட்டையை வெறுக்க வேண்டாம், கடல்மீனில் அப்பொருள் இயல்பாகவே உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.)

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10.1 கோடி! அரியலூர், பெரம்பலூர் மானாவாரி நிலங்களில் வரகும் கம்பும் சோளமும் விளைந்தும், நம் தட்டில் தவிடு நீங்கிய வெள்ளைச் சோறே குவிகிறது. கம்பஞ்சோறு கொண்டுவந்த தோழி டிபன் பாக்ஸை மூடி மூடி உண்கிறாள். ஏன் இந்தக் கூச்சம்? விவிலியத்தில் தானியேல் அரசனின் உணவையே வேண்டாமென்று, பத்து நாள் மரக்கறி உண்டு காட்டவில்லையா?

சிறுதானியமாயினும், கூழாகக் கரைத்து அளவின்றிக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சோறாக்கிப் பருப்பும் கீரையும் சேர்ப்பதே நன்று என்பது என் கருத்து. குடலுக்கு நன்மை செய்யும் என்று விலையுயர்ந்த மாத்திரைகளை விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பணத்தில் எத்தனை படி பயறு வாங்கலாம்!

நம் விளையாட்டு விழாவன்று மைதா பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் தந்தால் என்ன? சத்துணவில் வரும் பயற்றை வீசியெறியும் வழக்கமும் அன்றைக்கே நிற்கட்டும். வீட்டில் பாட்டிக்கு மருத்துவர் தந்த மாத்திரையை மட்டும், வரகை நம்பி நிறுத்திவிடாதீர்கள், தோழியரே!